கையைக் காத்த வீடு

சலவைக்கூடத்தில் என் அக்காவைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பம்பரம் என்று கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள். அதையும் ஒரு பக்கமாகக் காட்ட மாட்டார்கள். "இப்பதான் இந்தப் பக்கம் போச்சு, இல்ல இல்ல, அந்தா, அங்க நிக்குது, ஐயோ போயிடுச்சே" என்று காட்டுகிறவர் கையும் சேர்ந்து சுற்றும்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு இவற்றைத் துவைத்துக் கொடுக்கிற கூடம் அது. நான் அங்கே வேன் ஓட்டுகிறேன். அழுக்கு மூட்டையை ஏற்றி வருவேன், சலவைக் கட்டைக் கொண்டுபோய் இறக்குவேன். அக்காவுக்கு இஸ்திரி உருளையில் வேலை. இரண்டு ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற இரும்பு உருளை, உள்ளே ஆவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்து, படார் என்று ஒரு உதறு உதறி, சுருக்கம் விழாமல் உருளை வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர்கள் வாங்கி மடிப்பார்கள். மற்றவர்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்குகிற நேரத்தில் அக்கா இரண்டாவதையும் கொடுத்து, அந்தப் பக்கம் ஓடிப்போய் முதல் விரிப்பை மடித்த லட்சணத்துக்கு ஒரு வசவும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பாள். அவள் உள்ளங்கை செருப்புத் தோல்போல் காய்த்திருக்கும். கொதிக்கிற தேநீர்க் குவளையை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு, நடந்துகொண்டே குடிப்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். மாமா, அதாவது அவள் புருஷன், ஒரு கிடங்கில் காவலாளி. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குச் சம்பளமே. இந்த இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டவர்கள் நல்ல குறும்புக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். வீடு பெருக்கும்போது மாமா எழுந்திருக்க மாட்டார். இவள் அவரையும் நாற்காலியையும் சேர்த்து நகர்த்திவிட்டுப் பெருக்கிக்கொண்டு போவாள்.

முதல் தடவை மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்துவிட்டு, சிவப்பு மருந்து ஒன்றை ஊசி வழியாக ஏற்றினார்கள். முடி கொட்டியது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்து நின்றாள். "வீட்ல உக்காந்து வாந்தி எடுக்கறதுக்கு இங்க நின்னுக்கிட்டு எடுக்கறேன்" என்றாள். முதலாளி பதறிப்போய், வெள்ளை விரிப்பெல்லாம் பாழாகுமே என்று உருளைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தார். அதில் ஒரு நாளும் அவள் வாந்தி எடுத்ததில்லை. வேலை நேரத்தில் கழற்றுகிற வளையலை அதற்குள் போட்டு வைத்துக்கொண்டாள்.

சில வருஷம் அமைதியாகப் போனது. பிறகு ஈரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள், அது மசியவில்லை. பழைய சிவப்பு மருந்துக்கு அடங்கினாலும் அடங்கும் என்றார்கள். ஆனால் அந்த மருந்து இதயத்தைக் கெடுக்கக்கூடியது, ஒரு ஆளுக்கு ஆயுசுக்கே இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது, அக்கா ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மருத்துவ விஷயத்தை எனக்கு விளங்கிய அளவில்தான் எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் படித்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே பேசுகிறவர். நாங்கள் மூன்று பேரும் எதிரே இருந்தோம். மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தோம், அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"அதே மருந்துதான். ஆனா இந்தத் தடவ அப்படியே ரத்தத்துல கலந்து விடப் போறதில்ல. கொழுப்பால செஞ்ச குட்டிக் குட்டி உருண்டைக்குள்ள அடைச்சு அனுப்பறோம். நானோ துகள்னு சொல்லுவாங்க."

"எவ்வளவு குட்டி?" என்றாள் அக்கா.

"உங்க தலைமுடி ஒண்ணோட குறுக்கால ஆயிரம் உருண்டைய வரிசையா வைக்கலாம்."

அக்கா தலையைத் தடவினாள். "இருக்கறதே நாலு முடி. உதாரணத்துக்கு அதுதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

டாக்டரம்மா சிரித்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நல்ல ரத்தக் குழாயின் சுவரில் இடைவெளி குறைவு, அதனால் உருண்டை அங்கே வெளியேறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதயத்துக்கு விழுகிற அடி அதனால் குறையும். கட்டி இருக்கிறதே, அது அவசரத்தில் வளர்ந்தது. அதற்குள் ஓடுகிற குழாய்கள் அரைகுறையாகக் கட்டினவை, ஒழுகும். அந்த ஓட்டை வழியாக உருண்டை உள்ளே போய்த் தங்கி, அங்கே மருந்தை விடும். எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. துணியை அள்ளி வேனில் போட்டால் வழியெல்லாம் சிந்தும். மூட்டையாகக் கட்டிப் போட்டால் இறங்குகிற இடத்தில்தான் இறங்கும்.

மாமா அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது தொண்டையைச் செருமினார். "ஏம்மா, ரத்தத்துல காவலுக்கு வெள்ளை அணு இருக்குமாமே. அது புடிச்சு நிறுத்தாதா?"

"நல்லாக் கேட்டீங்க. அதுக்குத்தான் உருண்டை மேல வழவழப்பா ஒரு உறை போட்டிருக்கு. காவல் அணுவுக்கு சட்டுனு அடையாளம் தெரியாது. ரொம்ப நேரம் விட்டுடும்."

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "அடையாளம் தெரியாத ஆள எப்படிம்மா உள்ள விடறது? அது என்ன காவல்?"

"ஏங்க," என்றாள் அக்கா, "உங்க கேட்ல நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தப்ப ஒரு லாரியே உள்ள போய்த் திரும்பி வரல? சும்மா இருங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு விஷயம் கவனமாக் கேளுங்க. உள்ளங்கை, உள்ளங்கால் இந்த ரெண்டு இடத்துலயும் சூடோ அழுத்தமோ உரசலோ இருந்தா, அங்க இருக்கற சின்னக் குழாய்ல இருந்தும் மருந்து கசியும். தோல் சிவந்து உரியும். மோசமாப் போச்சுன்னா இந்த மருந்தையே நிறுத்த வேண்டியதாயிடும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"இஸ்திரி உருளைல."

"சூடு. அழுத்தம். உரசல்." டாக்டரம்மா அக்காவின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மூணும் இருக்கு. மருந்து ஏத்தி முடியற வரைக்கும் அந்த வேலை வேண்டாம்மா. கைய பத்திரமாப் பாத்துக்கணும்."

உள்ளங்கால் என்றும் அவர் சொன்னார். என் காதில் விழுந்தது, விழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஆறு கண்ணும் டாக்டரம்மா பிடித்திருந்த கையின்மேல் இருந்தது. கையால் பிழைக்கிற வீடு எங்களுடையது. கால் என்பது எங்களுக்கு நிற்பதற்கு இருக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

நாலு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. முதல் தடவை ஏற்றும்போது நர்ஸ் பனிக்கட்டிப் பைகள் கொண்டுவந்தார். மருந்து இறங்குகிற நேரம் கையையும் காலையும் குளிர்ச்சியில் வைத்திருந்தால் குழாய் சுருங்கும், கசிவு குறையும் என்றார். கைக்கு வைத்துக்கொண்டாள். காலுக்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

"கால் ரெண்டையும் பனில வெச்சுட்டா நான் எதத்தான் ஆட்டறது?" என்றாள்.

நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேலைக்காகவில்லை. ஒரு மணி நேரம் அந்தக் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஊசியோடு இருந்த பெரியவர், "அம்மா, நீங்க தையல் மிஷினா?" என்று கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கை காக்கும் உற்சவம்தான். மாமா பாத்திரம் கழுவினார். ஆமாம், நாற்காலியை விட்டு எழுந்து கழுவினார். பாட்டில் மூடி திறப்பது, துணி பிழிவது, கதவுத் தாழ்ப்பாள் தள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. இரவில் இரண்டு கைக்கும் களிம்பு பூசிப் பஞ்சுக் கையுறை மாட்டிவிடுவார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் தினமும் சாயங்காலம் போனில் முகத்தைக் காட்டி, "அம்மா, முதல்ல கையக் காட்டு. ரெண்டு கையும். திருப்பு" என்பாள். நான் போகும்போதெல்லாம் நானும் பார்ப்பேன். காய்ப்பு உதிர்ந்து, தோல் மெத்தென்று வந்துகொண்டிருந்தது. எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கை அப்படி இருந்ததே இல்லை.

"பாருடா," என்று காட்டுவாள், "ஜமீன் வீட்டுக் கை. இத வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னுதான் தெரியல."

கையைக் கட்டிப்போட்டதும் அவளிடம் இருந்த வேகமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் நடக்கக் கிளம்பிவிடுவாள். முதலில் தெருமுனை வரை. பிறகு பூங்காவைச் சுற்றி. பிறகு ரயில் பாலம் தாண்டி. வேன் ஓட்டுகிறவன் நான், ஊரின் எல்லா மூலைக்கும் போகிறவன். ஒரு ஓட்டலின் பின்வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பேன், எதிர் நடைபாதையில் அக்கா விறுவிறுவென்று போவாள், இரண்டு கையையும் மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. கை எதிலும் இடித்துவிடக் கூடாதாம். பார்க்கிறவர்களுக்கு யாரோ சரணடையப் போகிற மாதிரி இருக்கும். ஆரன் அடிப்பேன். "போடா, வேலையப் பாரு" என்று உதட்டை அசைத்துவிட்டுப் போவாள். மாமாவிடம் சொன்னால், "நடக்கட்டும் மாப்ள, நடந்தா நல்லதுதானே, கை சும்மாதானே இருக்கு" என்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு படம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் இருந்தது சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நிறைய இல்லை, ஆனால் சுருங்கியிருக்கிறது. அன்றைக்கு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை நடந்தே வந்தாள். நான் வேனை மெதுவாக உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தேன், பின்னால் வந்த வண்டிக்காரர்கள் என் பரம்பரையையே திட்டினார்கள். மூன்றாவதும் ஏறியது. நாலாவதுக்கு நாள் குறித்தாயிற்று.

அந்த நாள் காலை அவளைக் கூட்டிப்போக வேனோடு வந்தேன். மாமாவுக்குக் கேட்டில் மாற்று ஆள் கிடைக்கவில்லை, நான்தான் துணை. பின்பக்கம் கொடியில் காலுறைகள் தொங்கின. மாமாவினுடையது என்று நினைத்தேன். ஆனால் மாமா காலுறை போடுகிறவர் இல்லை. கிட்டே போனேன். அழுக்குத் துணியோடு பிழைக்கிறவனுக்குக் கறை ஒவ்வொன்றும் ஒரு முகம் மாதிரி. பாதம் படுகிற இடத்தில் மஞ்சளாக, விறைப்பாக, ஓரம் மட்டும் கருத்து ஒரு கறை. புண்ணிலிருந்து நீர் வடிந்து காய்ந்த கறை அது. எல்லாக் காலுறையிலும் இருந்தது.

அக்கா வாசலுக்கு வந்தாள். பாதத்தின் வெளிவிளிம்பால் ஊன்றி ஊன்றி, கொதிக்கிற தார் ரோட்டில் நடக்கிற மாதிரி வந்தாள். புதிதாகப் பெரிய அளவில் ஒரு கேன்வாஸ் செருப்பு மாட்டியிருந்தாள்.

"கழட்டு," என்றேன்.

"என்னத்த?"

"செருப்ப. கழட்டு."

"நேரமாச்சு, வண்டிய எடு."

நான் வாசற்படியில் உட்கார்ந்து நானே கழற்றினேன். காலுறையை உருவும்போது பல்லைக் கடித்தாள். பாதத்தைப் பார்த்தேன். சுவரில் ஈரம் ஏறினால் சுண்ணாம்பு பொரிந்து உரியுமே, அந்த மாதிரி உரிந்திருந்தது. உரிந்த இடம் செக்கச்செவேலென்று, ஈரமாக இருந்தது. குதிகாலில் கொப்புளம், உடைந்ததும் உடையாததுமாக.

"எத்தன நாளா?"

"வந்துச்சு, இப்பதான்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவரு கையத்தானே பாக்கறாரு. எல்லாரும் கையத்தானே பாக்கறீங்க." செருப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "டேய், கேளு. இன்னிக்கு இத காட்டினா ஊசி போட மாட்டாங்க. தள்ளிப் போடுவாங்க. இப்பதான் அது சுருங்கிட்டு வருது. இப்பப் போய் விட்டா மறுபடி எந்திரிச்சுக்கும். இன்னிக்கு ஏறட்டும். அப்புறம் நானே காட்டறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"மோசமானா மருந்தையே நிறுத்திடுவேன்னு சொன்னாங்கல்ல?"

"அது கைக்கு."

"கைக்கும் காலுக்கும்."

"உனக்கு ரொம்பத் தெரியும். எட்டாவதுல மூணு தடவ உக்காந்தவன்தானே நீ."

வேனை எடுத்தேன். சிக்னலில் நின்றபோது அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பாதம் தரையில் படாமல் முழங்காலை மட்டும் ஆட்ட எங்கே கற்றாளோ. சொன்னால் மருந்து தள்ளிப்போகும், அந்த இடைவெளியில் ஈரலில் இருக்கிறது என்ன செய்யுமோ. சொல்லாவிட்டால் இன்னொரு சுமை உருண்டை இந்தப் புண்ணிலேயே வந்து இறங்கும், பிறகு இந்த மருந்துக்கே வழியில்லாமல் போகலாம். எது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? வழியில் ஒரு திருப்பத்தைத் தவற விட்டேன். தினமும் போகிற ரோடு அது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவின் இரண்டு கையையும் விரித்து, அழுத்திப் பார்த்தார்.

"அட, எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க! இந்த மருந்துல இவ்வளவு நல்ல கை நான் பாத்ததில்ல."

"வீட்டுக்காரரு தாங்கறாரு," என்றாள் அக்கா.

"காலு? நடக்க சிரமம் எதுவும் இருக்கா?"

"நடக்கவா? என்னையா கேக்கறீங்க? ஊர்ல யாரையாவது கேளுங்க. இவன வேணா கேளுங்க, தெருத் தெருவாப் பாக்கறானே."

நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. எல்லாரும் அவளைப் பற்றிச் சொல்கிற விஷயம்தானே, நர்ஸ் நம்பிவிட்டார். "அப்ப சரி, சாஞ்சு உக்காந்துக்குங்க. நான் மருந்து கலக்கச் சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

"காலப் பாருங்க," என்றேன்.

என் குரல் எனக்கே கத்தல்போல் கேட்டது. நர்ஸ் போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பாதம் ரெண்டும் உரிஞ்சு போய்க் கிடக்கு. கலக்கறதுக்கு முன்னாடி பாருங்க."

அக்கா எழுந்து நின்றாள். வலியில் முகம் கோணியதை மறைக்க முடியவில்லை. "நல்லா இருடா," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திட்டவும் இல்லை. "இன்னிக்கு வேண்டாம்" என்றார். தோல் மூடினால்தான் அடுத்தது, இரண்டு வாரம் பார்ப்போம், இந்த நிலையில் ஏற்றியிருந்தால் சீழ் பிடித்து மொத்தத்தையும் நிறுத்துகிற அளவுக்குப் போயிருக்கும் என்றார். "நடக்கவே கூடாது. கழிவறைக்குப் போறதுக்கு மட்டும் எந்திரிங்க. கால் தூக்கி வெச்சே இருக்கணும்."

"ரெண்டு வாரத்துல அது வளந்துச்சுன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"வளராதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். மாமா பாதத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். "நான் என்ன காவக்காரன்," என்றார், "கைய மட்டும் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே." அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, கையுறை மாட்டி, அவளை உட்கார வைத்தோம். நான் தினமும் வேலை முடிந்து போவேன். அவள் சுவரைப் பார்ப்பாள். தோள் ஆடும், தலை ஆடும், கட்டிலே கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மாமா வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"மாப்ள, சாப்பிட மாட்டேங்கறா. எந்திரிச்சு நிக்கப் பாக்கறா. நான் புடிச்சு உக்கார வெக்கறேன், அழறா. அவ அழுது நான் பாத்ததில்ல மாப்ள."

உள்ளே போனேன். என்னைப் பார்க்காமல், சுவரிடம் சொல்கிற மாதிரி மாமாவிடம் சொன்னாள்: "ஏங்க, உங்களுக்குப் புரியாது. சும்மா உக்காந்தா அது வளர்றது எனக்குக் கேக்குது. நடந்தா கேக்கறதில்ல. அதுக்குத்தான் நடந்தேன்."

இவ்வளவு காலம் சுறுசுறுப்பு என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்து வேனில் உட்கார்ந்தேன். என்ஜினைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். அப்போதுதான் தோன்றியது. உட்கார்ந்தபடியே நாளெல்லாம் ஓடுகிறவன் நான் ஒருத்தன் இருக்கிறேனே.

மறுநாள் காலை மாமாவும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வேனின் முன்சீட்டில் இறக்கினோம். "என்னடா இது, பொணம் தூக்கற மாதிரி?" என்று கத்தினாள், மாமாவிடம். என்னிடம்தான் பேச்சு இல்லையே. எதிரே அழுக்கில்லாத துண்டுகளை அடுக்கி அதன்மேல் காலை நீட்டி வைத்தேன். பாதம் எதிலும் படாமல் கணுக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. சலவைக்கூடத்தில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, பம்பரத்துக்கு வண்டி வேல போட்டுக் குடுத்துட்டியா?"

"சம்பளம் கேக்க மாட்டா."

"அதான் பயமா இருக்கு. வேற எதாவது கேப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், போகிற போக்கில் அவளுக்கு ஒரு பழச்சாறு வாங்கி அனுப்பினார்.

அந்த இரண்டு வாரத்தில் மிச்சம் இருந்த நாளெல்லாம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். என்னோடு பேச மாட்டாள், ஆனால் வேனோடு பேசுவாள். "இந்த வண்டிய ஓட்டறவனுக்கு பிரேக் எந்தப் பக்கம்னு யாராவது சொல்லிக் குடுங்கப்பா." "அந்த லாரிய முந்த மாட்டானாம், லாரிக்கு மரியாத குடுக்கறாராம் தொர." ஓட்டல் பின்வாசலில் நான் கட்டுகளை இறக்கினால், சன்னல் வழியாகத் தலையை நீட்டி, வாங்குகிறவனிடம், "தம்பி, அந்த மேல் கட்டுல மூணாவது விரிப்ப எடு. மடிப்பு கோணலா இருக்கு. யாரு மடிச்சதுன்னு எனக்குத் தெரியும், நான் வந்து பேசிக்கறேன்" என்பாள். அவன் எடுத்துப் பார்ப்பான், நேராகத்தான் இருக்கும். "அப்ப அடுத்தத எடு" என்பாள். வண்டி நின்றால் முகம் வாடும். ஓடினால் சரியாகிவிடும். நான் சுற்றுப் பாதையில் போனேன். தேவையில்லாத பாலத்தில் ஏறி இறங்கினேன். சிவப்பு விளக்கு விழுந்தால் அவளைப் பார்க்கவே பயந்து, அடுத்த சந்தில் திருப்பிவிடுவேன். சாயங்காலம் மாமா பாதத்தைப் பார்ப்பார். இப்போது அவர் பாதத்தைத்தான் பார்ப்பார். மகளும் போனில், "காலக் காட்டும்மா" என்றாள்.

"கையப் பாக்க ஆளில்ல இப்ப," என்றாள் அக்கா.

தோல் மூடியது. குழந்தையின் பாதம்போல் மெல்லிசாக, வெளிறிய சிவப்பில், புதுத்தோல்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை செருப்பையும் காலுறையையும் வாசலிலேயே கழற்றி மாமா கையில் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை.

"போடலாம். ஆனா அளவைக் கொஞ்சம் குறைச்சுத்தான் போடணும்."

குறைத்தால் போதுமா என்பதுதான் எங்கள் எல்லார் வாயிலும் நின்றது. கேட்க அக்காவுக்குத்தான் தைரியம் இருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"குறைக்கறதுன்னா எதக் குறைப்பீங்க? உருண்டை எண்ணிக்கையவா, ஒவ்வொரு உருண்டைக்குள்ள இருக்கறதையா?"

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "எண்ணிக்கையத்தான். ஒவ்வொண்ணுக்குள்ளயும் அதே மருந்துதான் இருக்கும்."

"அப்ப போற ஒவ்வொண்ணும் முழுசு."

"முழுசு."

"அது போதுமா?"

"தெரியாதும்மா. போதும்னு நினைக்கறேன். அடுத்த படம் எடுத்தாத்தான் தெரியும்."

"சரி," என்றாள் அக்கா. "போடுங்க. ஆள் குறைஞ்சாலும் அரைகுறை ஆள அனுப்பலல்ல."

நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். நர்ஸ் நாலு பனிக்கட்டிப் பை கொண்டுவந்தார். கை இரண்டும் உள்ளே போயின, கால் இரண்டும் உள்ளே போயின. நாலு பக்கமும் கட்டிப்போட்ட மாதிரி கிடந்தாள். ஊசி குத்தியாயிற்று, மேலே பையிலிருந்து சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. மாமா செருப்பை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவள் தலைமாட்டில் நின்றேன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சொட்டைப் பார்த்தேன். அவள் கண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது, ஓட மிச்சம் இருந்தது அது மட்டும்தான்.

"டேய்."

திரும்பினேன். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"உன்னத்தான்டா. மூக்கு அரிக்குது."

குனிந்து சொறிந்துவிட்டேன்.

"அங்க இல்ல. இடது பக்கம். மேல. கொஞ்சம் அழுத்தித்தான் சொறியேன், உனக்கு என்ன கை வலிக்குதா?" கண்ணை மூடினாள், உடனே திறந்தாள். "என்னடா இது, இவ்வளவு மெதுவாச் சொட்டுது? அந்தப் பொண்ணக் கூப்பிட்டு வேகமா விடச் சொல்லு."